மாப்பிள்ளையும் எலுமிச்சம்பழமும்

எங்கள் ரோபோவுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. பின்னே? ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் நகரமாட்டேன் என்று நிற்கும். வலது சக்கரம் சுற்றினால் இடது சக்கரம் முறுக்கிக்கொள்ளும். நாலு பெண்கள் சுற்றி நின்று தாங்கினால்தான் ஐயா ஓரடி எடுத்து வைப்பார். அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. உத்தமபாளையம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் எங்களுக்குக் கிடைத்தது. மோட்டார், சக்கரம், கேமரா எல்லாம் ஒரு நீலப் பெட்டியில் வந்திருந்தன. போட்டி நடத்துகிறவர்கள் இரவலாகக் கொடுத்தவை. மதுரையில் நடக்கும் முதல் சுற்றைத் தாண்டினால் பெட்டி எங்களுக்கே. தாண்டாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வேறு பள்ளிக்குப் போய்விடும். கோப்பையெல்லாம் யாருக்கு வேண்டும்? மாப்பிள்ளையைக் கழற்றுவதாவது! அந்த நினைப்பே எனக்கு ஆகவில்லை. அதன் ஒவ்வொரு திருகாணியும் என் கையால் முடுக்கியது.

தரையில் கிடக்கும் மஞ்சள் பந்துகளை ரோபோ தானாகவே தேடிப் பிடித்துக் கூடையில் போட வேண்டும், அதுதான் போட்டி. யாரும் தொடக் கூடாது. ரிமோட்டும் கிடையாது. மணி அடிப்பதற்குள் எட்டுப் பந்து போட்டால் அடுத்த சுற்று.

பெட்டியில் எல்லாம் இருந்தது, பந்தைத் தவிர. கடை கடையாக ஏறி இறங்கினோம். கிடைத்ததெல்லாம் பச்சைப் பந்து. எங்களில் புரோகிராம் எழுதுகிறவள் அனுமந்தன்பட்டிக்காரி. மறுநாள் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து தரையில் கொட்டினாள்.

"மஞ்சளா இருக்கு, உருண்டையா இருக்கு. இதுக்கு என்னடி கொறச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை. கேமரா முன்னால் பழத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, இதுதான் பந்து என்று பழக்கினோம். மாப்பிள்ளை கெட்டிக்காரர். கொஞ்ச நாளிலேயே பெஞ்சுக்கு அடியில் உருண்டு போன பழத்தைக்கூட விடாமல் தேடி எடுத்து வந்தார். நசுங்கிய பழங்களை நாங்கள் சர்பத் போட்டுக் குடித்தோம். அந்த மாதங்களில் எங்கள் கணக்கு நோட்டு, சடை, சீருடை எல்லாம் எலுமிச்சை வாசம்தான்.

எங்களுக்குப் பொறுப்பு இயற்பியல் சார். குச்சனூர்க்காரர். புவியீர்ப்பு விசையை அவர் நடத்தினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். ஆனால் சனிக்கிழமை ஒரு திருகாணி வாங்கவிட மாட்டார். இரும்பாம்!

மதுரைக்குக் கிளம்புகிற காலையில், "வண்டின்னா பூசை போட்டுத்தான் கெளப்பணும்" என்று பிடிவாதமாக நின்றார். பள்ளி வாசலில் மாப்பிள்ளைக்குச் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு செவ்வந்தி. எச்.எம். மேடமே கற்பூரம் காட்டித் தட்டைத் தரையில் வைத்தார். இரண்டு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம்.

"ஏறி மிதிச்சுட்டு வரட்டும். சுவிச்சப் போடு ஆத்தா" என்றார் சார்.

போட்டேன். மாப்பிள்ளை பழத்தைப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் போனார். கையை நீட்டி ஒரு பழத்தைப் பிடித்து, திரும்பி, வட்டமாகத் தெரிந்த கற்பூரத் தட்டைக் கூடை என்று நினைத்து அதில் பதவிசாக வைத்தார். இன்னொன்றையும் எடுத்து வைத்தார். கற்பூரம் அணைந்துவிட்டது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"பரவால்லையே, உங்கள விடப் பொறுப்பா எடுத்து வைக்குதே" என்று எச்.எம். மேடமும் சிரித்துவிட்டார்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. "மிதிக்கலையே" என்றார். முகம் சுண்டிப் போயிருந்தது. தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இதக் கையிலயே வச்சுக்க. போட்டி முடியுற மட்டும் கீழ எறக்கிராத." இயற்பியல் வாத்தியார்! சரி, வேனில் குமட்டினால் மோந்து பார்க்க ஆகும் என்று வாங்கிக்கொண்டேன். மதுரையில் இறங்கியதும் பைக்குள் போட்டுவிட்டேன்.

எங்களுக்கு இரண்டு வாய்ப்பு. எதில் அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். முதல் வாய்ப்பில் மானம் கப்பலேறியது. பந்து வெறும் பிளாஸ்டிக், அவ்வளவு லேசு. பழத்தைப் பிடித்துப் பழகிய கை பந்தை இறுக்கியதும் அது பிதுங்கிக்கொண்டு பறந்தது. ஒன்று நேராக நடுவரின் மூக்குக் கண்ணாடியில் போய் அடித்தது. பக்கத்தில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, என்ன இளிப்பு?"

"சும்மா இருடி, நடுவரு பாக்குறாக" என்று அனுமந்தன்பட்டிக்காரி என் சடையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் சடை ரப்பர் பேண்ட் அவள் கையோடு போய்விட்டது. அதைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான். நாலு பேரும் ரெட்டைச் சடையை அவிழ்த்தோம். மாப்பிள்ளையின் விரல்களில் எட்டு ரப்பர் பேண்டையும் சுற்றினோம். பந்தை வைத்துப் பார்த்தால் வழுக்கவே இல்லை.

அதற்குள் சார் வந்துவிட்டார். "பழம் எங்க?"

"பைக்குள்ள சார்."

"அதான! கையில வச்சுக்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நாங்கள் நாலு பேரும் தலைவிரி கோலமாக ரோபோவைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து நடுவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

இந்தத் தடவை ஒரு பந்தும் பறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடையில் விழ விழ நான் வாய்விட்டு எண்ணினேன். ஏழு போட்டாயிற்று. எட்டாவது பந்து நடுவில் கிடந்தது. தடுப்புப் பலகையை ஒட்டி மண்டி போட்டுக்கொண்டு, "போடா ராசா, போடா" என்று முணுமுணுத்தேன். மாப்பிள்ளை பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். கேமரா என் பக்கம் திரும்பியது. பந்தை அப்படியே விட்டுவிட்டு நேரே என்னிடம் வர ஆரம்பித்தார்.

"ஏய், எங்கிட்டுடி வருது? ஒன்னையப் பாத்துல்ல வருது!" என்று கத்தினாள் அனுமந்தன்பட்டிக்காரி.

என் கையில் எலுமிச்சம்பழம்.

சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். மாப்பிள்ளை பலகையில் முட்டி நின்று, கையை நீட்டித் திறந்து திறந்து மூடினார். பழத்தைக் காணோம் என்றதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் பந்தை நோக்கிப் போனார். பாதி வழியில் மணி அடித்துவிட்டது.

ஏழு.

வேனில் சாரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடமிருந்து வாங்கிய பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆண்டிபட்டி தாண்டியதும், "என்னாலதான் ஆத்தா போச்சு" என்றார். அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது? எனக்கு அழுகைதான் வந்தது.

மாப்பிள்ளையைக் கழற்றும்போது நான் ஒரு திருகாணியையும் தொடவில்லை. மூலையில் உட்கார்ந்து, கழற்றுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கையை மட்டும் பிரிக்கவிடவில்லை. ரப்பர் பேண்டோடு அப்படியே பெட்டியில் வைத்து மூடினோம்.

அடுத்த வருடம் ஒரு நாள் சார் என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வருசநாட்டில் ஒரு பள்ளியிலிருந்து ஒரு வாத்தியார். நீலப் பெட்டி இப்போது அவர்களிடம் போயிருந்தது.

"நீங்க எழுதுன புரோகிராம் அப்படியே இருந்துச்சு. மாட்டிப் பாப்பமேன்னு ஓட விட்டோம்மா. பக்கத்துல கெடந்த பந்தச் சீண்டவே இல்ல. பூசைக்கு வச்ச எலுமிச்சம்பழத்தத் தூக்கிட்டு ஓடிருச்சு. பிள்ளைக பின்னாலயே ஓடுதுக. இதுல என்ன கோளாறு?"

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை இன்னும் எங்கள் பழத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்காரு" என்றேன். "போட்டியன்னைக்கு மட்டும் யாரு கையிலயும் பழம் இல்லாமப் பாத்துக்கங்க. சார்மாரே குடுத்தாலும் பிள்ளைகள வாங்க விட்டுறாதீக."

எங்கள் சார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.