கண்ணாடி ஏற்றிய வண்டியில் எங்கள் அண்ணன்

சென்ற ஆண்டு அண்ணனின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானே இருந்தாரு, என்னாச்சு?" என்று கேட்டீர்கள். இந்த ஓராண்டு நினைவு மலரில் அண்ணனின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் தந்திருக்கிறார். உங்கள் கேள்விக்கான பதிலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் கெமாஸை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயதாகும்போது அப்பா தவறிவிட்டார். "நீ படி, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று தங்கையான என்னிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்து லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை அவர் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பிறகு சிரம்பானை ஒட்டிய தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். மழை நாளில் பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் நின்றால் லாரியை நிறுத்தாமல் போகமாட்டார். அதற்காகத் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் பலமுறை திட்டு வாங்கினார். தனக்கு உடம்பு முடியவில்லை என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணிக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு, வாரம் மூன்று நாள் அண்ணன்தான் தம்முடைய பழைய காரில் அவரைத் தெமியாங்கிலிருந்த டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப்போவார். காரின் குளிர்சாதனம் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். சிகிச்சை முடிந்து, உச்சி வெயிலில், அண்ணி துவண்டு வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அண்ணி வாடிப்போய் வர்றாங்க. அந்த ஏர்கோன செஞ்சிடுங்களேன்" என்றேன்.

அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்தார். முன்பலகையைக் கழற்றி உள்ளிருந்த கூலிங் காயிலை எடுத்தபோது, காய்ந்த இலையும் எலிக்கூடும் கைநிறைய வந்தன. இறுகிப்போன கம்ப்ரஸருக்குப் பதில், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில் ஒன்று தேடிப் பிடித்தார். இணைப்புகளில் ரப்பர் வளையங்களை மாற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். கடைசியாக, ரஹாங்கில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர் கேஸ் நிரப்பித் தந்தார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த நண்பர், "அண்ணே, புகைக்குழா ரொம்பத் துரு. மேல தரைத் தகடும் அரிச்சிருக்கு. இதையும் இப்பவே மாத்திடுங்க லா" என்றார்.

"இத்தன வருசம் ஓடலியா? அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

முதல் நாள் பயணத்தில் வண்டி குளிர்ந்ததும் அண்ணி கண்ணை மூடியவர், வீடு வரும்வரை திறக்கவில்லை. "பாத்தியா, எப்படித் தூங்குறா" என்று, வாசலில் நின்ற என்னிடம் அண்ணன் பெருமையோடு சொன்னார். இரண்டாவது வாரம் அண்ணி வண்டியிலிருந்து இறங்கியதும் வாந்தி எடுத்தார். மூன்றாவது வாரம் அவரை எழுப்பவே நேரமாயிற்று. நோய் முற்றுகிறது என்று நாங்கள் பயந்தோம். அண்ணன் தைலம் வாங்கி நெற்றியில் தேய்த்துக்கொண்டார். கேட்டால், வெயில் தலைவலி என்றார்.

ஒருநாள் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். பாதி வழியிலேயே தலை விண்விண்ணென்று தெறித்தது. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கினேன்.

"மூடு, மூடு. குளுரு போயிடும். அண்ணி பாவம்" என்றார்.

மூடினேன்.

அதற்கடுத்த வாரம், அண்ணியை மையத்தில் விட்டபின் அண்ணன் வழக்கம்போல எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கப் போகவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லி, சுவரோரம் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருக்கையைச் சாய்த்துப் படுத்திருக்கிறார். நடுப்பகலில், அங்கே கடை போட்டிருந்த மலாய்க்காரப் பெரியவர், வண்டி வெகுநேரமாக உறுமிக்கொண்டே நிற்பதைக் கவனித்தார். தட்டினார். "அபாங்! அபாங்!" என்று, மலாயில் அண்ணே எனக் கூப்பிட்டுக் கத்தினார். பிறகு கல்லால் கண்ணாடியை உடைத்தார். மையத்தின் தாதியர் இருவர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். கையில் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி அண்ணி வெளியே வந்தபோது, அண்ணனைத் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

துருப்பிடித்த குழாயிலிருந்து கசிந்த புகை, தரைத்தகட்டு ஓட்டை வழியாக உள்ளே ஏறியதென்று மருத்துவர் சொன்னார். அதில் கலந்திருக்கும் விஷக்காற்றுக்கு மணமே கிடையாதாம். கண்ணாடிகள் இறங்கியிருந்தவரை காற்று அதை வெளியே அடித்துப்போயிருக்கிறது. உங்களில் பலர் பழைய வண்டி வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து இந்த வாரமே அடியில் குனிந்து பாருங்கள்.

கண்ணாடியை உடைத்துத் தம் கையையும் கிழித்துக்கொண்ட அந்தப் பெரியவருக்கும், தாதியருக்கும், அண்ணனின் உடலைச் சுமந்த தோட்டத்து நண்பர்களுக்கும், ஓராண்டாக முறைவைத்து அண்ணியை மையத்துக்கு அழைத்துப்போகும் பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணிக்கும் ஒரு நன்றி பாக்கி. கருமக்கிரியை முடிந்த காலையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணி, ஏர்கோன் செய்யச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும். தங்கச்சி ஆசையா கேட்டுச்சு, செய்யாம இருப்பேனான்னு சொல்லிச் சொல்லித்தான் செஞ்சாரு" என்றார். பிறகு என் புறங்கையில் தன் கையை வைத்தார். "நாளைக்கு எனக்கு டயாலிசிஸ். பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிப்போனாலும் அங்க தனியா இருக்க பயமா இருக்கு. நீ கூட வருவியாம்மா?"