அறுப்புப் பண்டிகைக்கு வந்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அந்த வருடம் அறுப்புப் பண்டிகைக்குக் கோயிலை அலங்கரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேதக்காரர்களான நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாள் அது. பூசணியும் வாழைத்தாரும் மார்க்கெட்டிலிருந்து வந்துவிடும். நெற்கதிருக்கு மட்டும் வயலுக்குப் போக வேண்டும். எங்கள் சபையில் நிலம் வைத்திருந்தவர்கள் சிலர் உண்டு. வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள் யாரும் கிடையாது.

முந்தின நாள் காலையில் வாய்க்கால் கரைக்குப் போனேன். கார் சாகுபடி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. குடையோடு வரப்பில் நின்ற வயல்காரர், “வேணுங்கிறத எடுத்துக்கிடுங்க டீச்சர்” என்றார். அறுத்துக்கொண்டிருந்த பெண்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி நல்ல கதிராகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

“எதுக்கும்மா இது?”

“நாளைக்கு எங்க கோயில்ல அறுப்புப் பண்டிகை.”

“அறுப்புக்குன்னு ஒரு பண்டிகையா? என்னெல்லாம் செய்வீய?”

பாட்டு, பிரசங்கம், மத்தியானம் கறிச்சோறு என்று சொன்னேன். சொன்ன வாயோடு, “நீங்களும் வாங்களேன்” என்றேன். வர மாட்டார்கள் என்ற நினைப்பில் சொன்னதுதான்.

வந்துவிட்டார்கள். ஐந்து பேர். பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலைகள், தலை நிறையப் பிச்சிப்பூ. கடைசி பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தூணில் கட்டியிருந்த கதிரைக் காட்டி, கட்டிக் கொடுத்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். குருவானவர் மழைக்காகவும் ஆற்றுக்காகவும் அணையில் நிறைந்த தண்ணீருக்காகவும் நன்றி சொல்லி ஜெபித்தார். அறுத்த கைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணை மூடி ஆமென் சொன்ன எனக்கும் அது தோன்றவில்லை.

சாப்பாடு கோயிலுக்குப் பின்னால் பந்தலில். முந்தின வாரமே வீட்டுக்கு இத்தனை என்று சீட்டு வாங்கியிருந்தோம். சீட்டு என்று ஒன்று இருப்பதையே நான் அவர்களிடம் சொல்லவில்லை. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பந்தல் வாசலில் பேச்சுக் கேட்டது.

“சீட்டு எங்கம்மா?”

“சீட்டெல்லாம் இல்லைய்யா. டீச்சரம்மா கூப்பிட்டாவ.”

“எந்த டீச்சர்?”

கதிர் கட்டிக் கொடுத்தவள் எட்டிப் பார்த்துப் பந்திகளில் என்னைத் தேடினாள். எதிர்ப்பந்தியில் எங்கள் தலைமையாசிரியை இருந்தார். சுற்றிலும் தெரிந்த முகங்கள். ‘நான்தான் கூப்பிட்டேன்’ என்று எழுந்து சொல்ல வேண்டும். நான் குனிந்து, ஏற்கெனவே கழுவியிருந்த இலையில் மறுபடியும் தண்ணீர் தெளித்தேன்.

நிமிர்ந்தபோது வாசலில் அவர்கள் இல்லை. எழுந்து ஓடினேன். ஐந்து பேரும் ரோட்டில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிடப் பெயர் தெரியவில்லை; நான் கேட்டிருக்கவே இல்லை. ‘எக்கா’ என்றாவது கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. திரும்பி வந்தபோது என் இலையில் சோறு விழுந்திருந்தது. அதைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த போகமான பிசான நடவு தொடங்கியதும் மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த வயலுக்குப் போனேன். முழங்கால் சேற்றில் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிட, அவள் நாற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

“அன்னைக்கு நடந்தத மனசுல வச்சுக்கிடாதீங்க. தப்பு என் மேலதான்.”

“இருக்கட்டும்மா. சீட்டு வேணும்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டோம். கறிச்சோறுன்னு வீட்டுல உலைகூட வைக்காம வந்துட்டோம்” என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

அதற்குள் மறுகோடியிலிருந்து வயல்காரர் கத்தினார். “ஏட்டி, அங்கன என்ன பேச்சு? பக்கத்து ஆளு எங்க போயிட்டா பாரு!”

மற்றவர்கள் நட்டுக்கொண்டே நகர்ந்திருந்தார்கள். அவள் இடம் மட்டும் நடாமல் சேறாகக் கிடந்தது. என்னை அடையாளம் கண்டதும் அவர் குரல் மாறியது. “டீச்சரா? வாங்க, வாங்க.” எனக்கு ஒரு மரியாதை, அவளுக்கு ஒரு ஏச்சு, இரண்டும் என்னால் வந்தவை.

“வரப்பு வழுக்கும், பைய போங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவள் குனிந்துகொண்டாள்.

அடுத்த வருடம் கமிட்டியில் பேசினேன். வயலில் அறுத்தவர்களுக்குச் சீட்டு வேண்டாம், முதல் பந்தி அவர்களுக்கு என்றேன். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு சம்மதித்தார்கள். நானே போய் அழைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொருத்தர் பெயரையும் கேட்டுக்கொண்டேன். “ஆகட்டும்மா” என்றாள் கதிர் கட்டிக் கொடுத்தவள்.

யாரும் வரவில்லை. போட்ட இலைகள் வெகுநேரம் காலியாகவே கிடந்தன. கடைசியில் பரிமாறுகிறவர் என்னைப் பார்த்து, “சோறு ஆறுது டீச்சர், நீங்களாவது உக்காருங்க” என்றார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவர்களுக்குப் போட்ட இலை ஒன்றில் உட்கார்ந்தேன்.