அண்ணன் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர்

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் அசைந்து கொடுக்காதவள். தெருவில் எல்லோருக்கும் டிரைவரம்மா. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கணவருக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று பால்கனி மூலையில் ஒடுங்கி நின்று அண்ணனுக்கு போன் போட்டாள்.

“அண்ணே, உன்கிட்ட பவர் ஆம்ப்ளிஃபயர் ஏதாவது சும்மா கெடக்கா?”

மறுமுனையில் ஏதோ சாமானைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அவர் கேக்கச் சொன்னாரா?”

“இல்ல. அவருக்குத் தெரியாது.”

“அப்ப எனக்கும் தெரிய வேணாம்” என்றான் அண்ணன். ஆனால் போனை வைக்கவில்லை. பிறகு வேண்டா வெறுப்பாக, “ஸ்பீக்கர் எத்தனை ஓம்ஸு?” என்று கேட்டான்.

“நாலுன்னு பின்னாடி எழுதியிருக்கு. கடையில குடுத்தது சத்தம் கூட்டுனா நெரியுது.”

“ம்” என்றான். அவ்வளவுதான்.

அவள் கணவர் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவர். வாயில் உறுத்தாதபடி பல்லை இழைத்து இழைத்துக் கொடுக்கும் கை. அதனால் பல்லுக்காரர் என்றே பெயர். மனிதர் அதிகம் பேச மாட்டார். பேசினால் தைக்கும். அண்ணன் நேர்மாறு. கூட்டங்களுக்கும் பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன். மனதில் பட்டதை வாய் முந்திக்கொண்டு கொட்டிவிடும்.

கொட்டியது ஒரு நாள். பல்லுக்காரர் தன் கையாலேயே பலகை அறுத்து, இழைத்து, மெருகேற்றி, நெஞ்சுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்து முடித்திருந்தார். அதைப் பார்க்க அவள்தான் அம்மாவையும் அண்ணனையும் அழைத்தாள். அப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அண்ணன், “என்ன மாப்பிள்ளை, ரெண்டு சவப்பெட்டிய நிமித்தி வெச்சிருக்கீங்க?” என்று சிரித்துவிட்டான். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பல்லுக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. “மைதானத்துல கத்துறதுக்குக் குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுறவருக்குக் காது எங்கருந்து இருக்கும்?” என்றார். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. இரண்டு வருடமாக இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோவதும், அதிலிருக்கும் முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சொல்வதும் அவள் வேலையாகிப் போனது.

இப்போது வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் புகைந்து செத்துவிட்டது. ஆடியோ கடைக்காரர் சின்னதாக ஒன்றைக் கொடுத்து, திங்கட்கிழமை வரை வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார். பார்க்க அழகான சாமான். மெதுவாக வைத்தால் தேனாகப் பாடியது. கொஞ்சம் கூட்டினாலோ, டிரம் அடி விழும் இடத்திலெல்லாம் தகரத்தை மிதித்தது போல நெரிந்தது. பல்லுக்காரர் சனிக்கிழமை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து, “பரவால்ல, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சொல்லும்போது தாடை இறுகியிருந்தது. தான் செய்த பெட்டி பெரிய தீனி கேட்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தீனி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியும்.

மதியச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கீழே வேன் நிற்கும் சத்தம் கேட்டது. படியில் தடதடவென்று காலடி. கதவைத் திறந்தவர் பல்லுக்காரர்.

அண்ணன் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு கருப்பு ஆம்ப்ளிஃபயரை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான். இவர் வழிவிடவில்லை. அவன் உள்ளே வரவும் இல்லை. கனம் தாங்காமல் பெட்டியை முழங்காலில் முட்டுக்கொடுத்துக்கொண்டான்.

“நான்தாங்க கூப்பிட்டேன்” என்றாள். “முதல்ல எறக்கி வைக்கட்டும். அப்புறம் என்னைத் திட்டுங்க.”

பல்லுக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விலகினார்.

கூடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். பேச்சு மட்டும் அவள் வழியாகப் போய் வந்தது.

“இது நாலு ஓம்ஸ் தாங்குமான்னு உங்க அண்ணன்கிட்ட கேளு.”

“ஓம்ஸ் குறையக் குறையத்தான் பாரம். இது ரெண்டையே தாங்கும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.”

“இதுல சூடு தணிக்கக் காத்தாடி இருக்கும். காத்தாடிச் சத்தத்துல பாட்டு கேக்க முடியாதுன்னு சொல்லு.”

“நெரிஞ்சு போற பாட்டக் கேக்குறதுக்குக் காத்தாடிச் சத்தம் தேவலன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்கு!” என்று அவள் வெடித்தாள். “நான் என்ன நடுவுல ஒயரா?”

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் பையிலிருந்து ஒரு குண்டு பல்பு மாட்டிய ஒயரை எடுத்தான். சீரிஸ் லாம்ப். முந்தின வாரம் ஒரு மண்டபத்தில் யாரோ அந்த ஆம்ப்ளிஃபயர் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டார்களாம். துடைத்துக் காயவைத்து, முந்தின நாள் போட்டுப் பார்த்தபோது நன்றாகவே பாடியதாம். “இருந்தாலும் நேரா ஸ்பீக்கர்ல மாட்ட வேணாம். பல்பு ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சு மங்கிட்டா உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். மங்காம எரிஞ்சா ஷார்ட்டு. மாட்டுனா ஸ்பீக்கர் கருகிடும்” என்று அவளிடம் சொல்வது போல அவருக்குச் சொன்னான்.

பல்லுக்காரர் பெட்டிகளின் முன்னால் போய் நின்றுகொண்டார், யாரோ அவற்றை அடிக்க வருவது போல.

அண்ணன் சுவிட்சைப் போட்டான். பல்பு பளிச்சென்று எரிந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். மங்கும், இதோ மங்கும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அது மங்கவில்லை. கண் கூசும்படி எரிந்துகொண்டே இருந்தது.

அண்ணன் பட்டென்று அணைத்தான். அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. கெட்டுப்போன சாமானைச் சுமந்துகொண்டு, பகைத்த வீட்டுப் படியேறி வந்திருக்கிறான். ஒரு சொல் போதும், இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டான். அந்தச் சொல் கணவரின் நாக்கு நுனியில் நிற்பது போலவே அவளுக்குத் தோன்றியது.

கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியான ஷிப்டுக்கு டெப்போவில் இருந்தாக வேண்டும். இருந்தால் வேலை போகும், போனால் வீடு போகும் என்ற நிலை. சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தபோது இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தரையில் அந்தக் கருப்புப் பெட்டி.

“நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் மனுஷங்களா இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. அது இருக்கைக்குப் பின்னாலிருந்த பையில் கிடந்தது. மேம்பாலம், சந்தை, மருத்துவமனை என்று வழக்கமான தடம். மனம் மட்டும் கூடத்திலேயே நின்றது. சண்டை போட்டிருப்பார்களோ? அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பானோ? அந்தக் கனத்தோடு கோபத்தில் படியிறங்கினால் கால் இடறாதா? தன்னை நினைத்தும் எரிச்சல் வந்தது. யார் கேட்டார்கள் இந்தப் பஞ்சாயத்தை?

“டிரைவர்! ஸ்டாப் போயிடுச்சு!” என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைத்தாள். ஓட்டத் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு நிறுத்தத்தை அவள் தவறவிட்டதே இல்லை. இறங்கிப் போன ஒரு பெரியவர் ஜன்னலருகே வந்து, “வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா?” என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கியரைப் போட்டாள்.

ஷிப்டு முடிந்ததும் பையைத் திறந்து போனைப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

தெரு முனையில் திரும்பியதும் வேன் கண்ணில் பட்டது. மத்தியானம் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். பாதி வழியிலேயே கத்தல் காதில் விழுந்தது.

“நீங்க சொல்றது சுத்தத் தப்பு மாப்பிள்ளை!”

“எது தப்பு மச்சான்? நீங்களே கேட்டீங்கள்ல?”

கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மாப்பிள்ளை. மச்சான். நேருக்கு நேர்.

உள்ளே போனால் கூடம் பட்டறையாகக் கிடந்தது. ஆம்ப்ளிஃபயரின் மூடி கழற்றியிருந்தது. மேசை விளக்கு, ஈயப்பற்று வைக்கும் கோல், லேபிலிருந்து கணவர் எடுத்து வந்த பூதக்கண்ணாடி. செத்துப்போன டிரான்சிஸ்டர்கள் ஒரு மூடியில் கிடந்தன. மாற்று டிரான்சிஸ்டர்கள் அண்ணன் வேனிலேயே இருந்திருக்கின்றன. அவற்றை நுணுக்கமாகப் பொருத்தியது பல்லுக்காரர்.

“யார் முதல்ல பேசுனது?” என்று கேட்டாள்.

அண்ணன் ஒயரை நோண்டினான், பல்லுக்காரர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

விஷயம் இதுதான். பாடவைத்துப் பார்த்த பிறகு, கடைக்காரர் கொடுத்த சின்னதுதான் வீட்டுக்கு ஏற்றது, பெண் குரலை அப்படிப் பாடுகிறது என்று அண்ணன் அடித்துச் சொல்கிறான். இல்லை, அண்ணனுடையதுதான் வேண்டும் என்று பல்லுக்காரர் பிடிவாதம் பிடிக்கிறார். விட்டுக்கொடுப்பதிலும் போட்டி. இரண்டு பேர் கழுத்திலும் நரம்பு புடைத்திருந்தது.

“எனக்குப் போட்டுக் காட்டுங்க. எது எதுன்னு சொல்லக் கூடாது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதலாவது பாடியது. ஒரு பெண் குரல் காதருகே வந்து பேசுவது போல இருந்தது. பிறகு டிரம் வந்ததும் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெரிந்தது. ஆளேறிய வண்டி மேட்டில் முக்குவது போல. இரண்டாவது பாடியபோது அதே அடி தரை வழியாக வந்து உள்ளங்காலைத் தொட்டது. குரல் கொஞ்சம் தள்ளி நின்றது, ஆனால் மூச்சு முட்டவில்லை. பாட்டு நின்ற இடைவெளியில் மட்டும் உர்ரென்று காத்தாடி.

முதுகுக்குப் பின்னால் இருவரும் மூச்சைப் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. எதைச் சொன்னாலும் ஒருவர் முகம் வாடும். வாடிய முகம் நாளைக்குச் சண்டையாகும். ஆனாலும் பூசி மெழுக அவளிடம் இனித் தெம்பு இல்லை.

“ரெண்டாவது” என்றாள். “ஆனா நாள் பூரா எஞ்சின் பக்கத்துலயே உட்கார்ந்துட்டு வர்றேன். வீட்லயும் உறுமல் கேக்க என்னால முடியாது. அந்தக் காத்தாடிய ஏதாவது பண்ணுங்க.”

பல்லுக்காரர் குனிந்து காத்தாடியருகே காது வைத்தார்.

“வீட்டு அளவுக்கு வெச்சா அவ்வளவா சூடாகாது மச்சான்” என்றார் பல்லுக்காரர் மெதுவாக. “வேகத்தக் குறைக்கலாம்.”

“குறைக்கலாம். ஆனா நிறுத்தக் கூடாது” என்றான் அண்ணன். பக்கத்தில் நின்ற பெட்டியின் மேல் அவன் உள்ளங்கை தானாகப் படிந்து, மரத்தின் மேல் ஒரு தரம் ஓடியது. “வேலை சுத்தமா இருக்கு மாப்பிள்ளை. அன்னிக்கு என் வாய்ல சனி.”

பல்லுக்காரர் திருப்புளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

இரவு அண்ணன் அங்கேயே தங்கிவிட்டான். மறுநாள் காலையில் சின்ன ஆம்ப்ளிஃபயர் அவன் வேனிலேயே கடைக்குத் திரும்புவதாக இருந்தது. யார் தூக்குவது என்று இருவரும் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவள் இருவரையும் ஒதுக்கிக்கொண்டு இறங்கி, காலை ஷிப்டுக்கு டெப்போவை நோக்கி நடந்தாள்.