விசாலாட்சி பெயரில் போன புகார்

விசாலாட்சியை எனக்குப் பிடிக்காது. அவள் என் கொழுந்தன் மணியனின் மனைவி. பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டுக்கும் ஒரே வாசல். நான் பன்னிரண்டாவது முடித்தவள். அவள் எட்டோடு நின்றவள். ஆனால் எங்கள் ஊர் கிளாவரையில் ஏதாவது எழுத வேண்டும் என்றால் எல்லோரும் அவளைத் தேடித்தான் வருகிறார்கள்.

எல்லாம் போன வருஷம் ஆரம்பித்தது. கொடைக்கானலில் நாங்கள் போகும் கிளினிக்கில் அவள் மகளுக்குத் தேதி முடிந்த சிரப்பைக் கொடுத்துவிட்டார்கள். நானாக இருந்தால் பாட்டிலை மேஜையில் ஓங்கி வைத்துக் கூட்டத்தைக் கூட்டியிருப்பேன். இவள் என்னடாவென்றால், "புகார் யார்ட்டங்க குடுக்கணும்?" என்று கேட்டாளாம். அங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை. உள்ளே போய் விசாரித்து வந்து, மேனேஜருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, என்ன தேதி, எத்தனாவது டோக்கன், என்ன நடந்தது, தனக்கு என்ன செய்து தர வேண்டும் என்று எழுதினாள். ஜெராக்ஸ் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கி வந்தாள். பத்தாம் நாள் மேனேஜரே போனில் மன்னிப்புக் கேட்டார்.

அன்றிலிருந்து ஊருக்கே அவள்தான் வக்கீல். எழுதிக் கொடுத்ததற்குப் பீன்ஸும் உருளைக்கிழங்கும் அவள் வீட்டில் வந்து இறங்கும். எனக்கு வயிறு எரியும். பொய் சொல்வானேன், பக்கத்து வீட்டில் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டாலே எரியும்.

இந்த மாதம் என் வீட்டுக்காரர் வேலுச்சாமி காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு. ஆறு வருஷமாகப் பார்க்கும் டாக்டரை விட்டு வேறு எங்கும் வர மாட்டேன் என்று பிடிவாதம். எங்கள் ஊர் பஸ் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் கிளினிக்கில் டோக்கன் தீர்ந்துவிடும். இரண்டு தடவை போனோம், இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். கால் வீங்கி, நாற்றமெடுக்க ஆரம்பித்தது. காலையே எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"விசாலாட்சிய எழுதச் சொல்லு" என்றார் அவர். செத்தாலும் அவளிடம் போய் நிற்க மாட்டேன். இரண்டாம் தடவை திருப்பி அனுப்பிய அன்றே, கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதினேன்.

"ஐயா, எங்கள் பஸ் பத்தரைக்கு வருகிறது. உங்கள் டோக்கன் ஒன்பதுக்கு முடிகிறது. சர்க்கரை உள்ளவரின் காலில் வெட்டுக்காயம். இரண்டு முறை வந்தும் கட்டைப் பிரித்துக்கூட யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் முறை வரும்போது இவருக்குக் கால் இருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்."

கையெழுத்துப் போடும்போது பயம் வந்தது. டாக்டர் கோபப்பட்டு இவரைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டால்? வருகிற கோபம் அவள் மேலேயே வரட்டும் என்று, 'விசாலாட்சி, கிளாவரை' என எழுதி, அவள் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் இருவரும் வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் குனிந்து பூண்டையே ஆய்ந்தேன்.

"ஆமாங்க, நாந்தான் எழுதுனேன். அவுக எங்க வீட்டுக்காரரோட அண்ணன். நாளைக்கே கூட்டியாரோம்" என்றவள், என்னிடம், "வெள்ளனே கெளம்பிருங்கக்கா, நானும் வாரேன்" என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரே காயத்தைச் சுத்தம் செய்தார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார். பிறகு விசாலாட்சி பக்கம் திரும்பினார்.

"லெட்டர் நல்லா எழுதியிருந்தீங்கம்மா. அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. இனிமே உங்க மேல்மலை ஊர் பஸ்ல வர்றவங்களுக்குன்னு தினம் அஞ்சு டோக்கன் எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

என் வரி! நான் எழுதிய வரி! வாயைத் திறக்க முடியாமல் என் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது பஸ் முழுக்க விசாலாட்சி புராணம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கடைசி வரி எனக்கு வந்திருக்காதுக்கா. அடுத்த தடவ உங்க பேரையே போடுங்க. பேரு போட்டா ஒண்ணும் செஞ்சிற மாட்டாக."

அவள் குரலில் குத்தல் இல்லை. திட்டியிருந்தால், ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கியிருந்தால், அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் கொடுக்காமல், வாசலில் காய்ந்த பூண்டில் என் பங்கை அவளே கூடையில் அள்ளி, என் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனாள்.