கூடார வாசலில் வைத்த தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதக் கடைசியில் நடந்தது இது. இடம், ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானா நாட்டில் ஒரு காட்டு முகாம். பர்மாவின் யாங்கோன் நகரில், எங்கள் பசுந்தாங் பேட்டையை விட்டு அதிகம் நகராத நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எங்கள் சர்ச்சில் இன்னும் கேட்கிறார்கள். எல்லாம் என் தங்கையால் வந்தது. சிங்கப்பூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளோடு போகவேண்டிய சிநேகிதிக்குக் கடைசி நேரத்தில் கால் சுளுக்கிக்கொள்ள, டிக்கெட் வீணாகக் கூடாதென்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்களை ஏற்றிக்கொண்டு போன வண்டியை லாரி என்றும் சொல்லலாம், பஸ் என்றும் சொல்லலாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு கூட்டம். வழிகாட்டிதான் ஓட்டுநரும். ராஜா வீட்டுப் பயணம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அவரவர் கூடாரத்தை அவரவர் அடிக்க வேண்டும், அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். துடைக்கத் துணி கிடையாது. கழுவிய தட்டைக் கையில் பிடித்துக் காற்றில் ஆட்டிக் காயவைக்க வேண்டும். எல்லோரும் வரிசையாக நின்று தட்டை ஆட்டும்போது, யாரையோ கப்பலில் வழியனுப்புவது போல இருக்கும்.

யாங்கோனில் ஓயாத மழையை விட்டுவிட்டுப் போயிருந்தேன். அங்கேயோ வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. புல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. மாலையில் தூசி எழும்பி, அதன்மேல் வெயில் விழுந்து, மரமும் மானும் மனிதரும் ஒரே பொன்னிறமாகிவிடுவார்கள். நான் பாதித் தூக்கத்தில் நடப்பவள் போலவே அந்த நாட்களில் இருந்தேன். தங்கை ஒன்றை இரண்டு தடவை கேட்டால்தான் என் காதில் விழும். எனக்கு அந்த மயக்கம் பிடித்திருந்தது.

அந்த முகாமுக்கு வேலி கிடையாது. கொஞ்சம் தள்ளி ஆறு. சாப்பாடு எதையும் கூடாரத்திலோ வெளியிலோ வைக்கக் கூடாது, ஓர் ஆரஞ்சுப்பழம்கூடக் கூடாது, இருட்டிய பிறகு வெளியே வரக் கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் நல்ல பிள்ளையாகப் பையிலிருந்த பிஸ்கட்டைக்கூட லாரியில் ஒப்படைத்துவிட்டேன். ஆனால் தண்ணீரை எங்கள் ஊரில் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யாங்கோனைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தெருவுக்குத் தெரு, மரத்தடியிலோ வீட்டு வாசலிலோ ஒரு சின்னக் கூரைக்குக் கீழே மண்பானையும் ஒரு குவளையும் இருக்கும். பர்மியர்கள் அதை யேயோசின் என்பார்கள். யார் வைத்தார், யார் குடித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பானை என் பொறுப்பு. கரண்டு இருக்கும்போதுதான் மோட்டார் ஓடும் என்ற இந்தக் காலத்திலும், வீட்டுக்குத் தண்ணீர் குறைந்தாலும் அந்தப் பானை குறையாது. காலையில் சந்தைக்குச் சுமை தூக்கிப் போகிறவர்கள் குடிப்பார்களே என்று, முதல் நாள் சாயங்காலமே நிரப்பிவிட்டுத்தான் மாடி ஏறுவேன்.

அன்றைக்கும் கை தன் வழக்கத்தைச் செய்தது. துணி அலசும் மடக்குத் தொட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் நல்ல தண்ணீரை நிரம்ப ஊற்றிக் கூடாரத்து வாசலில் வைத்தேன். காலையில் குருவிகள் வந்து குடிக்கட்டும் என்று நினைத்தேன். குருவியைவிடப் பெரிதாக எதுவும் என் நினைப்பில் இல்லை.

விடியும் நேரம். ஏதோ ஒரு சத்தம் என்னை எழுப்பியது. யாரோ நிதானமாக, ஆசை தீரத் தண்ணீர் குடிக்கிற சத்தம். ஊரில் இருக்கிறோம், கீழே சுமைக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண் திறந்தேன். வலைச் சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். அந்தச் சுவர் மூச்சு விட்டது.

யானை. ஒரு தந்தம் பாதியில் முறிந்திருந்தது. தொட்டி காலியானதும் அதன் தும்பிக்கை எங்கள் கூடாரத்தைத் தடவத் தொடங்கியது. என் தலைமாட்டில் ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. துணி உள்பக்கமாக அழுந்தி, தங்கையின் தோள் வரை வந்தது. நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் கண் மட்டும் விழித்துப் பார்த்தது. அது ஓர் அடி முன்னால் வைத்தால் நாங்கள் இல்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குள்ளேயே எனக்கு அது அழகாகவும் இருந்தது.

லாரியிலிருந்து வழிகாட்டியின் குரல், அசைய வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னது. பிறகு அவர் இன்ஜினைப் போட்டார். இரண்டு முறை கை தட்டினார். அது காதை விசிறியபடி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு கயிற்றைக்கூட அறுக்காமல் திரும்பி நடந்தது.

தங்கை எழுந்து உட்கார்ந்து, வாசலில் கிடந்த தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, நீ இங்கேயும் வந்து யேயோசின் வெச்சியா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வழிகாட்டியிடம் போய், வைத்தது நான்தான், எங்கள் ஊர் வழக்கம் இப்படி என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

“அதற்கு ஆறு இருக்கிறதம்மா” என்றார். “ஒரு தடவை கிடைத்தால் தற்செயல். மறுபடியும் கிடைத்தால் பழக்கம். கூடாரத்தைக் கிழித்துத் தண்ணீர் தேடுகிற யானையைக் கடைசியில் சுட்டுவிடுவார்கள்.”

எங்கள் உயிரைப் பற்றித்தான் அதுவரை பயந்திருந்தேன்.

இன்னும் ஒரு நாள் அங்கேதான் தங்க வேண்டும். அன்று மாலை எல்லோருடைய தண்ணீரும் லாரிக்குள் போயிற்று. ஈரமான மண்ணை நானே அள்ளித் தூரத்தில் கொட்டி, தண்ணீர் வாசனை தெரியாதபடி அந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவினேன். எங்கள் கூடாரத்தையும் பிரித்துவிட்டார்கள். எங்கள் இருவரையும் லாரி இருக்கைகளிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார் வழிகாட்டி. என் இருக்கைக்குக் கீழேதான் தண்ணீர் கேன்கள் இருந்தன.

மறுநாள் விடியலில் அது வந்தது. அதே முறிந்த தந்தம். பனியும் தூசியும் கலந்த வெளிச்சத்தில் சத்தமே இல்லாமல் நடந்து, நேராகத் தொட்டி இருந்த இடத்துக்கே போனது. தும்பிக்கையால் சாம்பலைத் தடவியது. சுற்றிலும் தேடியது. மறுபடியும் அதே இடத்தைத் தடவியது. பிறகு தலையைத் தூக்கி லாரிப் பக்கம் பார்த்தபடி நின்றது. என்னைத்தான் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து ஒரு கேனைத் திறக்கத் துடித்த என் கையைத் தங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போய்விடு, உன் ஆற்றுக்குப் போய்விடு என்று ஜெபம் செய்தேன். வாசலுக்கு வந்த யாரையும் போகச் சொல்லி நான் ஜெபித்ததில்லை.

அது எவ்வளவு நேரம் நின்றதோ. கடைசியில் தும்பிக்கையால் கொஞ்சம் சாம்பலை அள்ளித் தன் முதுகில் போட்டுக்கொண்டு, மரங்களுக்கு நடுவே ஆற்றுப் பக்கமாக இறங்கிப் போனது. வழிகாட்டி நீளமாக மூச்சு விட்டார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மாதங்கள் கழித்து அவர் தங்கைக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அது முகாம் பக்கம் பிறகு வரவே இல்லையாம், ஆற்றோரத்தில் மற்ற யானைகளோடு பார்க்கிறாராம்.

இப்போதும் சாயங்காலமானால் மாடிப்படி இறங்கிப் பானையை நிரப்புகிறேன். அதில் குடித்துவிட்டுப் போன எத்தனையோ பேரில் ஒரு முகம்கூட எனக்கு நினைவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் நான் திருப்பி அனுப்பிய அந்த ஒரு விருந்தாளியைத்தான், பானை நிரம்புகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், எங்கோ ஓர் ஆற்றில் உயிரோடு குடித்துக்கொண்டிருப்பதாகக் காண்கிறேன்.