பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும்

எங்கள் ஜில்லாவில் கல்வி அதிகாரிகளுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை வருவது குற்றாலத்தில் சீசன் தொடங்கிய பிறகுதான். ஆனியில் சாரல் விழுந்ததும் பள்ளிக்கூடங்களைப் பார்க்கத் துடிப்பார்கள். மாசி வெயிலில் அந்தத் துடிப்பு ஒருவருக்கும் வந்ததில்லை.

அப்போது நான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மதிய உணவுத் திட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. தட்டில் சோறு விழும். கூடவே, பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சாம்பார். அதனால் பள்ளிக்குப் பின்னால் தானாக முளைத்த கீரைகளைப் பாத்தி கட்டிக் காப்பாற்ற மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். எது எந்தக் கீரை, எதைக் கடைவது, எங்கே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், எல்லாம் பாடம். தினமும் கொஞ்சம் சாம்பாருக்குள் போனது.

தலைமையாசிரியருக்கு அது வெறும் களை. பிளாக் ஆபீசில் முட்டைக்கோசு விதை கொடுத்திருந்தார்கள். பாத்தியை அழித்து அதைப் போட ஆசை. எங்கள் வெயிலில் கோசு உருண்டு வருமா என்பது அவர் கவலை இல்லை.

"ஆபீசர் பாத்துட்டு என்ன சொல்லுதாரோ, அதான் முடிவு டீச்சர்" என்றார்.

ஆபீசர் வடக்கேயிருந்து வந்தவர். அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெய் மினுங்க வந்தார். பாத்தியைப் பார்த்து ஒரு பிள்ளையிடம், "இது என்ன செடி?" என்றார்.

"பண்ணைக்கீரைய்யா."

அது வயலில் களையாக முளைப்பது. பெயரில் மட்டும்தான் பண்ணை. அவர் முகம் மலர்ந்தது.

"பேஷ்! அரசாங்கப் பண்ணையிலிருந்து வந்ததா?"

"ஆமாங்கய்யா, உயர்ந்த ரகம்" என்று தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். காலை வரைக்கும் அது களை.

"சரி, பக்கத்துல இது?"

"குப்பைக்கீரை."

"குப்பையையா பிள்ளைங்களுக்குப் போடுறீங்க? பிடுங்கி எறியுங்க!"

"பேருதான்யா குப்பை. எங்க வீட்டுலயும் அதைத்தான் திங்கோம்" என்றேன்.

"உங்க வீட்டைப் பத்தி நான் கேக்கலம்மா."

பிள்ளைகளே பிடுங்கினார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே வேர்மண்ணை உதறி, பழுத்த இலையைக் கழித்து, அழகாகப் பிடுங்கினார்கள். ஒருத்தி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டு வந்தாள்.

"ஏட்டி, எறியத்தான சொன்னாரு?"

"எறிஞ்சிட்டேன் டீச்சர். சாம்பார் பானைக்குள்ள."

பண்ணைக்கீரையைப் பெருக்கச் சொல்லிவிட்டு ஆபீசர் போனார். கோசு விதை அலமாரியில் கிடந்து பூச்சி பிடித்தது. அடுத்த மழைக்குக் குப்பைக்கீரை யாரிடமும் உத்தரவு வாங்காமல் திரும்ப முளைத்தது. நான்தான் பாடத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

"இது பேரென்ன?"

"குப்பைக்கீரை டீச்சர்!"

"ஆபீசர் கேட்டா?"

"சின்னப் பண்ணை!"

மறு ஆனியில் அதே ஆபீசர், அதே எண்ணெய்த் தலையோடு வந்தார். கேட்டார். சொன்னார்கள். இன்னொரு பாத்தி கூடப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.