துணைக்கு முன்னால் என்ன பேர்?

வில்லாபுரத்தில் என் கடையை எல்லோரும் ரேடியம் கடை என்றுதான் சொல்வார்கள். ரேடியத்தை நான் கண்ணால் கண்டதில்லை. வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கருக்கு எந்தப் புண்ணியவானோ அந்தப் பேரை வைத்துவிட்டுப் போனான், அது நிலைத்துவிட்டது. நம்பர் பிளேட், ஆட்டோவின் முதுகில் பிள்ளைகள் பேர், மினி லாரியின் நெற்றியில் சாமி பேர், கல்யாண வண்டியில் மாப்பிள்ளை பெண் பேர், இவைதான் வேலை. கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்துக் கொடுத்தால் மெஷின் வெட்டித் தந்துவிடும். வெட்டியதில் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்து எடுப்பது மட்டும் கை வேலை. அதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, பழக்கம் இருக்கிறது.

சில வருடங்களாகப் பழைய கார்க்காரர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். கப்பலூரில் ஒரு பட்டறை இருக்கிறது. துருப்பிடித்துக் கிடக்கும் அம்பாசடர்களைக் கொண்டுவந்து தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்துப் புது மாப்பிள்ளையாக்கி வெளியே விடுவார்கள். வண்டி பளபளவென்று ஆனபிறகுதான் சொந்தக்காரருக்குக் கண்ணாடி மொட்டையாக இருப்பது கண்ணில் படும். அந்தக் காலத்தில் புது வண்டியின் பின்னால் ஒட்டியிருந்த ‘புது என்ஜின், முந்திச் செல்லவும்’ ஸ்டிக்கர், வண்டி விற்ற கடையின் ஸ்டிக்கர், டயருக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் துண்டு ஸ்டிக்கர், எல்லாம் அதே மாதிரி வேண்டும் என்று போட்டோவோடு வந்து நிற்பார்கள்.

‘அதே மாதிரி’ என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவர் வெள்ளை ஸ்டிக்கரைத் திருப்பிக் கொண்டுவந்து, இது ரொம்ப வெள்ளையாக இருக்கிறது, வெயிலில் பழுத்த வெள்ளை வேண்டும் என்றார். புதிதாகப் பழசு வேண்டுமாம்.

“அப்ப மொட்டை மாடியில காயப் போட்டு வைக்கிறேண்ணே, பேரன் காலத்துல வந்து வாங்கிக்கங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு வண்டிக்கு ஸ்டிக்கர் கேட்டு வந்தார். இவர்களுக்கு ரோஷம் கிடையாது, அதனால்தான் எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

ஆனால் ஒருவர் மட்டும் வேறு மாதிரி வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், பேங்க் ஆபீசர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தார். கையில் ஒரு பழைய கலர் போட்டோ. அதில் ஒரு வெள்ளை அம்பாசடரின் பின்பக்கம், டிக்கியின் மேல் கால்சட்டை போட்ட ஒரு பையன். பையனின் தலையும் தோளும் பின் கண்ணாடியின் இடது பாதியை மறைத்திருந்தன. வலது பாதியில் சிவப்பு எழுத்தில் ‘துணை’ என்று இருந்தது.

“டிக்கியில இருக்கிறது நாந்தான்க்கா. வண்டி எங்கப்பாவோடது. நகைக்கடை பஜார் பக்கத்துல ஸ்டாண்டு, வாடகைக்கு ஓட்டுனாரு” என்றார்.

அந்த வண்டியை அப்பா எப்போதோ விற்றுவிட்டாராம். இவர் நம்பரை வைத்துத் தேடி, திருமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைந்து கிடந்ததைக் கண்டுபிடித்து, கப்பலூர்ப் பட்டறையில் விட்டுச் சரிசெய்திருக்கிறார். கண்ணாடிகள் எல்லாம் புதுசு. எதற்கு இவ்வளவு பாடு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இவர்கள் சாயங்காலம் வரை பேசுவார்கள். அவராகவே சொன்னார். அப்பாவுக்கு மறதி நோய். தெருவை மறந்து, வீட்டை மறந்து, இப்போது மகனையும் மறந்துவிட்டார்.

“மாத்திரை குடுக்க வர்ற ஆளுன்னு நெனைக்கிறாரு. வண்டியக் கொண்டாந்து நிறுத்துனா, யாரு வண்டி இது, வழிய மறிச்சு நிப்பாட்டியிருக்காங்கன்னு சத்தம் போடுறாரு. ஏறவே மாட்டேங்கிறாரு. ஸ்டிக்கர் இல்லாததுதான் கொறைன்னு எனக்குத் தோணுது. வண்டி தெரிஞ்சா நானும் தெரிவேன்லக்கா?”

“துணைக்கு முன்னால என்ன பேரு சார்?” என்று கேட்டேன்.

“அதான் தெரியல. என் தலை மறைக்குது.”

மதுரையில் துணைக்கு முன்னால் பேர் தெரியாவிட்டால் யாரும் ரொம்ப யோசிப்பதில்லை. மீனாட்சி துணை என்று அடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். அப்பா பார்த்தாராம், படித்தாராம், யார் வண்டி என்று கேட்டாராம். அவர்களுடைய குலதெய்வம் அய்யனார் என்பதால் அடுத்து அய்யனார் துணை. அதற்கும் அதே கேள்விதான். மூன்றாவதாக அழகரா, முருகனா என்று அவர் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே போனபோது எனக்கு எரிச்சல் வந்தது. மதுரையில் உள்ள சாமிகளை எல்லாம் ஒட்டிப் பார்ப்பதென்றால் அந்தக் கார் தாங்காது. போட்டோவை வாங்கி ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. அந்த ணை நான் அடித்த ணை இல்லை. இப்போது நாம் எழுதும் ணைக்கு முன்னால் சங்கிலிக் கொம்பு தனியாக நிற்கும். போட்டோவில் கொம்பே இல்லை. எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு தொங்கியது. பழைய எழுத்து. அரசாங்கம் எழுத்தை மாற்றிய பிறகும் ஸ்டிக்கர் அடிப்பவர்களும் போர்டு எழுதுபவர்களும் வெகுகாலம் கையை மாற்றிக்கொள்ளவில்லை. இந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை கையில் பிடித்துப் பார்த்தேன்! துணை என்று படித்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. தொழில்காரிக்கு இது அவமானம்தான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் இருக்கும் எழுத்துரு எதிலும் அந்த ணை கிடையாது. கோடு கோடாக நானே வரைந்தேன். மீனாட்சியில் வரும் னாவுக்கும் பழைய வடிவம் உண்டு, கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு வளைந்து சேர்ந்துவிடும். அதையும் வரைந்தேன். சிவப்பிலும் கொஞ்சம் அரக்குச் சேர்ந்த சிவப்பாகத் தேடி எடுத்தேன். வெட்டி முடித்துக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தபோது, நானே சொல்லக்கூடாது, அச்சு அசலாக இருந்தது. பேங்க் ஆபீசருக்குப் போன் செய்து, “ஐயாவையும் கூட்டிட்டு வாங்க சார், இங்கேயே ஒட்டிருவோம்” என்றேன். இந்தத் தடவை யார் வண்டி என்று கேட்காமல் அவர் ஏறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை கார் கடை வாசலில் நின்றது. பெரியவரை வீட்டிலிருந்து கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார் மகன். நெட்டையான ஆள், வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். மகன்தான் சவரம் செய்துவிட்டிருப்பார், காதோரம் கொஞ்சம் சோப்பு காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நான் கண்ணாடியைத் துடைத்து, ஸ்டிக்கரை வைத்து, அட்டையால் காற்றுக் குமிழ்களைத் தள்ளி, மேல் தாளை உரித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் காரின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “ஏறுங்கப்பா. நம்ம வண்டிப்பா” என்றார்.

பெரியவர் எழுந்தார். ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை. பின் கண்ணாடிக்கு வந்தார். தும்பிக்கை எழுத்தின் மேல் விரலை வைத்து வளைவோடு ஒரு தடவை இழுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. மகனைப் பார்த்துத் தலையாட்டினேன். அதற்குள் பெரியவர் விரல் இடது பக்கம் நகர்ந்து மீனாட்சிக்கு வந்தது. நகத்தால் ‘மீ’யைச் சுரண்ட ஆரம்பித்தார். முந்தின நாளெல்லாம் உட்கார்ந்து வரைந்தது.

“ஐயா, ஐயா, என்ன பண்றீங்க?” என்று ஓடினேன்.

“இது யாரு எழுதுனது?” என்றார்.

“நாந்தேன். ஏன், பழைய எழுத்துத்தான போட்டிருக்கேன்?”

“இது இருந்தா சவாரி ஏறாதும்மா” என்றார். குரலில் கோபம் இல்லை. தெரியாமல் செய்துவிட்டவளுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார். “கோயில் ஐயருமார் வாராங்க, பள்ளிவாசத் தெரு பாய் வீட்டாளுக வாராங்க, ரோமன் சர்ச்சுக்குப் போறவுக வாராங்க. ஒரு பேரு போட்டா ஒரு வீட்டுச் சவாரி. துணைன்னு மட்டும் போட்டா அம்புட்டுப் பேரும் ஏறுவாக.”

சொல்லிவிட்டு மறுபடி சுரண்டினார்.

நானும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகன் கையில் இருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தார். பையனின் தலைக்குப் பின்னால் ஒன்றுமே இருந்ததில்லை. வெறும் கண்ணாடி. வாழ்நாளெல்லாம் தன் தலை எதையோ மறைத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெறும் துணையை நான் யாருக்கும் ஒட்டியதில்லை. ஏதோ பாதி உரிந்து போன வண்டி மாதிரி இருக்கும், கடைக்குக் கெட்ட பேர். இருந்தாலும் பிளேடை எடுத்து வந்து மீனாட்சியை மெதுவாகக் கிளப்பி எடுத்தேன். சாமி பேர் கீழே விழக்கூடாது என்று சுருட்டிக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பெரியவர் பக்கத்திலேயே நின்று, “அந்த ஓரம், அந்த ஓரம்” என்று காட்டினார்.

துடைத்து முடித்ததும் மகன் மறுபடி பின் கதவைத் திறந்தார். பெரியவர் அவரைத் தாண்டிக்கொண்டு போய் டிரைவர் கதவைத் திறந்தார். குனிந்து, வலது காலை வெளியே விட்டுவிட்டு முதலில் உடம்பை உள்ளே தள்ளி, பிறகு காலை எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் மகன் அப்பாவை மரியாதையாகப் பின் சீட்டில் உட்காரவைக்கப் பார்த்திருக்கிறார். அந்த வண்டியில் அந்த மனிதர் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

சாவி மகனின் சட்டைப்பையில் இருந்தது, அதனால் நான் பயப்படவில்லை. பெரியவர் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தார், மறு கையால் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைத் திருகினார். கொஞ்சம் இடது, கொஞ்சம் கீழே. பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறார் என்று நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து பின் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தால் எழுத்து இடம் வலமாக மாறித் தெரிந்தது. டிரைவரின் கண்ணாடியில் அது மறுபடி திரும்பி, சின்னதாக, நேராகத் தெரிந்தது. துணை. எவ்வளவோ வண்டிகளுக்கு ஒட்டியிருக்கிறேன், பின்னால் வருகிறவன் படிக்கத்தான் ஒட்டுகிறோம் என்று நினைத்திருந்தேன். ஓட்டுகிறவன் நாளெல்லாம் படிக்கிறான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மகன் என்ன செய்வதென்று தெரியாமல், திறந்து பிடித்திருந்த பின் கதவு வழியாகத் தானே ஏறி உட்கார்ந்தார். முன்பக்கமாகக் குனிந்து, “அப்பா” என்றார்.

பெரியவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தார். முகம் மலர்ந்து, தெளிவாக, தொழில் செய்கிறவரின் குரலில் கேட்டார்.

“சொல்லுங்கண்ணே. எங்க போகணும்?”

‘வண்டி தெரிஞ்சா நானும் தெரிவேன்லக்கா’ என்று இவர் கேட்டபோது பதில் சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. வண்டி தெரிந்துவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“திருமங்கலம் போகணும்ணே” என்றார் மகன்.

“போவோம். கதவ நல்லா ஓங்கிச் சாத்துங்க. இந்த வண்டியில அது லேசுல பூட்டாது.”

கப்பலூரில் மாற்றிய புதுப் பூட்டு. விரலால் தள்ளினாலே விழுந்துகொள்ளும். பேங்க் ஆபீசர் அந்தக் கதவை இழுத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓங்கிச் சாத்தினார்.